துண்டு, தகரம், அட்டை

அக்கரைச் சீமைக்கு வேலை தேடிப் போனார்கள் என்றுதான் எல்லாப் புத்தகமும் எழுதுகிறது. நான் எம்.ஏ. தமிழ் படித்தபோது எங்கள் பாடத்திலும் அப்படித்தான் இருந்தது. 'தேடி' என்கிற அந்தச் சொல்தான் எனக்கு இடிக்கிறது. தேடுகிறவனுக்கு நாலு வாசல் ஏறி இறங்கிப் பார்க்க முடிய வேண்டும். கூலி கட்டுப்படியாகவில்லை என்றால் தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு அடுத்த இடத்துக்கு நடையைக் கட்ட முடிய வேண்டும். நம்ம ஜனங்களுக்கு அது எந்தக் காலத்தில் வாய்த்தது? நாம் வேலையைத் தேடவில்லை. வேலைதான் கோட்டும் குடையுமாக நம்மைத் தேடிச் சேரிக்குள் வந்தது. வந்தவனுக்குப் பேர் கங்காணி.

கரிசல் பக்கத்துச் சேரிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு. தஞ்சாவூர்ப் பண்ணையாளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், கீழவெண்மணி பற்றி எழுதியிருக்கிறார்கள், நல்லது. சாத்தூர், சிவகாசி, அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் மானாவாரிக் காடு. மழை வந்தால் கம்பு, சோளம், பருத்தி, வராவிட்டால் ஒன்றுமில்லை. சம்சாரி வீட்டுக் கமலைக்குத் தோல்கூனை தைத்துக் கொடுப்பவன், செத்த மாட்டைத் தூக்குபவன், களத்தில் கடைசி ஆளாக நின்று தானியம் வாங்குபவன், எல்லாம் நம்ம ஆள். 1843இல் வெள்ளைக்காரன் அடிமை முறைக்குச் சட்டத்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டான். சட்டம் சொன்னதைச் சம்சாரி கேட்டானா? அடிமைச் சாசனம் போனது, கடன் பத்திரம் வந்தது. ஒரு மரக்கால் கம்புக்கு அப்பனும், அந்த மரக்காலுக்கான வட்டிக்கு மகனும் வேலை பார்த்தார்கள். அந்த நேரத்தில்தான் இலங்கையில் காட்டை வெட்டிக் காப்பி போட ஆரம்பித்திருந்தார்கள்.

காப்பிக் காலத்துப் போக்குவரத்து வேறு மாதிரி. அறுப்புப் பருவத்துக்குப் போய்விட்டுத் திரும்பலாம். தொண்டியிலோ பாம்பன் பக்கமோ தோணி ஏறி மன்னாரில் இறங்க வேண்டியது. அங்கிருந்து மாத்தளைக்கு நூற்றைம்பது மைல் வரும், காட்டு வழியில் நடை. தண்ணீர் இருக்காது, இருந்தால் அதில் காலரா இருக்கும். வழியில் விழுந்தவர்களை விழுந்த இடத்திலேயே விட்டுவிட்டுக் கும்பல் நடந்தது. எத்தனை பேர் செத்தார்கள் என்பதில் இன்றைக்கும் ஆய்வாளர்களுக்குள் கணக்குத் தகராறு உண்டு. நடந்தவன் கணக்கு வைக்கவில்லை. நடத்தியவனுக்கு அந்தக் கணக்கு தேவைப்படவில்லை.

1876இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை வந்தது. விருதுபட்டி, சாத்தூர் வழியாகத்தான் போகிறது. அதே வருசம் தாது வருசப் பஞ்சமும் வந்தது, 1878 வரைக்கும் ஆட்டியது. ரயிலும் பஞ்சமும் சேர்ந்து வந்தால் என்ன நடக்கும்? சேரி காலியானது. கொஞ்ச காலத்தில் காப்பிச்செடியில் நோய் விழுந்து காப்பி அழிந்தது, தேயிலை வந்தது. இதில்தான் நம்ம தலைவிதி மாறியது. காப்பிக்குப் பருவத்தில் ஆள் போதும். தேயிலைக்கு வருசம் முந்நூற்றறுபத்தஞ்சு நாளும் கொழுந்து எடுக்க வேண்டும், அதுவும் பெண்கள் கை வேண்டும். ஆகவே ஆணை மட்டும் கூட்டிப் போவது நின்று, குடும்பத்தோடு அள்ளிக்கொண்டு போவது தொடங்கியது. போனவர்கள் திரும்பாமல் போனது அதற்குப் பிறகுதான்.

ஆள்கட்டும் முறையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். தோட்டத்துத் துரை கங்காணிக்கு முன்பணம் கொடுப்பார். கங்காணி தன் ஊருக்கு வருவான். கழுத்தில் சங்கிலி, காலில் செருப்பு. செருப்புப் போட்டு ஊருக்குள் நடக்க முடியாத ஜனங்கள் அந்தச் செருப்பைத்தான் முதலில் பார்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். சம்சாரியிடம் இருக்கிற கடனை அவனே அடைப்பான். ரயில் கூலி, வழிச்சோறு, குளிருக்குக் கம்பளி எல்லாம் அவனே கொடுப்பான். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுவான். நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க எழுத்துத் தெரிந்தவர் யாரும் கும்பலில் இல்லை. கப்பல் ஏறுகிறபோதே ஆள் கடன்காரன். போய்ச் சேர்ந்த பின் அவன் ஆட்கள் வேலைக்கு வருகிற ஒவ்வொரு நாளுக்கும் தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. சம்பளமும் அவன் கை வழியாகத்தான் வரும். பொம்பளை கொழுந்தெடுத்த காசும் புருசன் கணக்கிலோ கங்காணி கணக்கிலோ போய் விழும்.

துரைமார்கள் எழுதிவைத்த புத்தகங்களில் கங்காணி ஒரு குடும்பத் தலைவன், தாய்தகப்பன் மாதிரி என்று வருகிறது. சொந்தக்காரர்களையும் ஊர்க்காரர்களையும் கூட்டி வந்து ஆதரவாக வைத்திருப்பவனாம். பெரிய கங்காணிகளில் பெரும்பாலோர் வெள்ளாளர், கள்ளர், அகமுடையார் போன்ற சாதிகள். கூட்டி வரப்பட்டவர்களில் பாதிக்கு மேல் பள்ளர், பறையர், சக்கிலியர். இதில் எந்த முறையில் சொந்தம், எந்தப் பந்தியில் உறவு என்று அந்தத் துரைமாரைத்தான் கேட்க வேண்டும். நம்ம சாதியிலும் கங்காணிகள் இருந்தார்கள், இல்லையென்று சொல்ல மாட்டேன். அவர்கள் பெரும்பாலும் சில்லறைக் கங்காணி. அவர்கள் நோட்டு மட்டும் இளகிய மனசோடு எழுதப்பட்டது என்பதற்கும் சாட்சி இல்லை.

இப்போது துண்டுக்கு வருகிறேன். இதுதான் இந்தக் கட்டுரையை எழுதவைத்த விசயம்.

ஒரு கங்காணியும் அவன் ஆட்களும் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டும் என்றால், பழைய துரை ஒரு காகிதம் எழுதிக் கொடுப்பார். இந்தக் கங்காணி பேரில் இத்தனை ஆள், இவ்வளவு கடன். இந்தத் தொகையைக் கட்டினால் ஆட்களை விட்டுவிடுவேன். அதற்குப் பேர்தான் துண்டு. வெள்ளைக்காரனும் அந்தத் தமிழ்ச் சொல்லையே தன் பாசையில் எழுதிக்கொண்டான். கங்காணி அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போவான். எந்தத் துரை அதிகத் தொகை தருகிறானோ அந்தத் துரைக்கு ஆட்கள். பழைய கடனை அடைத்தது போக மிச்சம் கங்காணிக்கு. அந்த மிச்சமும் ஆட்கள் தலையில் புதுக் கடனாக எழுதப்படும். சந்தையில் மாட்டுக்குத் தரகு பேசுகிறவர்கள் துணியைப் போட்டு மூடி விரலைப் பிடித்தாவது பேசுவார்கள். இங்கே எழுத்திலேயே பேசினார்கள்.

ஆட்களுக்குத் துண்டில் பேர் கூடக் கிடையாது, எண்ணிக்கைதான். 1921இல்தான் இலங்கை அரசு சட்டம் போட்டுத் துண்டை ஒழித்தது. அதுவும் மனசு இரங்கி அல்ல. இந்தியாவில் புதுக் குடியேற்றச் சட்டம் வரப்போகிறது, வந்தால் ஆள் வரத்து நின்றுபோகும் என்ற பயம். அந்தச் சட்டம் 1922இல் வந்தது. 1927இல் குறைந்தபட்சக் கூலிக்கு இலங்கையில் சட்டம் வந்தது. அதிலும் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த கூலி. தோட்டமே பெண்கள் விரல் நுனியில் ஓடிக்கொண்டிருந்த காலத்தில்.

துண்டு கங்காணியின் காகிதம் என்றால் தகரம் நம்ம ஆளின் கழுத்தில் தொங்கியது. தோட்ட முதலாளிகள் 1904இல் திருச்சியில் ஆள் திரட்டும் கமிசன் ஒன்றை வைத்தார்கள். தூத்துக்குடிக்குப் பக்கத்தில் தட்டப்பாறையிலும், பிறகு மண்டபத்திலும் முகாம். அங்கே குளிக்க வைத்து, துணியை ஆவியில் வேகவைத்து, அம்மை குத்தி, நாள் கணக்கு வைத்து அனுப்புவார்கள். கூட்டிப் போகும் செலவு எந்தத் தோட்டத்துக் கணக்கில் ஏறவேண்டும் என்பதற்கு ஒரு தகரச் சில்லு உண்டு. அதில் தோட்டத்தின் நம்பர் அடித்திருக்கும். சரக்கு மூட்டையில் முகவரி எழுதுகிற மாதிரிதான்.

எங்கள் அப்பத்தாவின் அப்பா பத்து வயசுப் பையனாக அந்தத் தகரத்தோடு போனவர். முதல் உலக யுத்தக் காலம். அவர் அதைத் தாயத்து என்று நினைத்து ரொம்ப நாள் கழற்றவே மாட்டேன் என்றாராம். அப்பத்தா இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்லும். "கடல்ல முங்கிட்டா இதுதான்டா காப்பாத்தும்னு அவுக ஆத்தா சொல்லியிருக்கு. நம்பரு போட்ட தகரம் எங்கிட்டுக் காப்பாத்தும்? தொரைக்கு நஷ்டம் வராமக் காப்பாத்தும்!"

கடல் தாண்டினால் சாதி கரைந்துவிடும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. சங்கம் வைத்துப் போராடிய முற்போக்கான தோழர்களே இதை நம்புகிறார்கள். லயத்தில் போய்க் கேட்க வேண்டும். எந்தச் சாதிக்கு எந்த லயம் என்று பிரித்துத்தான் வைத்தார்கள். மேட்டு லயம், பள்ளத்து லயம் என்கிறதிலேயே எல்லாம் அடங்கியிருக்கிறது. விடியக்காலையில் பெரட்டுக்கு ஆளைக் கூப்பிட என்ன வைத்திருந்தார்கள் தெரியுமா? தப்பு. துரைக்குக் கொம்பு ஊதத் தெரியும், மணி அடிக்கத் தெரியும். ஆனாலும் பல தோட்டங்களில் பறையர் ஒருவரைத்தான் தப்படிக்க வைத்திருந்தார்கள். சாத்தூர்ப் பக்கம் சாவுக்கு அடித்த தோல், அட்டன் பக்கம் வேலைக்கு அடித்தது. ஊரில் கும்பிடு வாங்கியவன் அங்கே கங்காணியாகவும் கணக்கப்பிள்ளையாகவும் வந்து நின்றான். கும்பிட்டவன் அங்கேயும் வரிசையில் நின்றான். வெள்ளைக்காரனுக்கு இந்த ஏற்பாடு வசதியாக இருந்தது. கெடுக்க அவனுக்குப் பைத்தியமா?

ஆனால் ஒரே அடியாக எல்லாம் ஒன்றுதான் என்றும் நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் போனவர்களை அவமதித்ததாகும். அங்கே கூலி காசாக வந்தது. களத்துமேட்டில் கையேந்த வேண்டியதில்லை. துரை முன்னால் எல்லாச் சாதியும் கூலிதான் என்கிற ஒரு கசப்பான சமத்துவம் இருந்தது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சில பேருக்கு எழுத்து கிடைத்தது. ஊருக்குத் திரும்பி வந்தவன் சட்டை போட்டு வந்தான், அந்தச் சட்டையைக் கழற்றச் சொன்னபோது கழற்ற மாட்டேன் என்றான். கரிசல் காட்டில் பழைய சாதிச் சண்டைகளைத் துருவிப் பார்த்தால், இலங்கைக்கோ மலேயாவுக்கோ இரங்கூனுக்கோ போய்வந்த ஒரு ஆள் எங்கேயாவது நிற்பான். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் ஆரம்பித்த 'தமிழன்' இதழுக்கு உள்ளூரில் மட்டுமில்லை, கோலார் தங்கவயலிலும் இரங்கூனிலும் நேட்டாலிலும் வாசகர்கள் இருந்தார்கள். சேரிக்காரனுக்குப் பத்திரிகை வாங்கக் காசும் நெஞ்சுரமும் வந்தது அப்படித்தான். 1900இல் இலண்டனுக்கென்று கப்பலேறிய இரட்டைமலை சீனிவாசன் ஆப்பிரிக்காவில் தங்கி வேலை பார்த்து 1921இல்தான் திரும்பினார். படித்த அவருக்கே அயல்நாட்டில் இருபது வருசம் பிழைப்புத் தேட வேண்டியிருந்தது. ஆனால் அவர் கழுத்தில் தகரம் இல்லை. அந்த வித்தியாசம் பெரிய வித்தியாசம்.

தமிழ் இலக்கியத்தில் இதெல்லாம் எங்கே இருக்கிறது என்று பார்த்தால், புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' உண்டு. வாசவன்பட்டிச் சேரியிலிருந்து மருதி இலங்கைத் தோட்டத்துக்குப் போகிற கதை. டாக்டர் பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல், இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என்று வந்தது. அது வால்பாறைக் கதை. கயத்தாறு பக்கத்துச் சனங்களைக் கங்காணி அள்ளிக்கொண்டு மலையேறுகிறான். வால்பாறைக்குக் கடல் தாண்ட வேண்டியதில்லை, அவ்வளவுதான் வேற்றுமை. இரண்டையும் எழுதியவர்கள் நம்ம ஆட்கள் இல்லை, ஆனாலும் கண் திறந்து பார்த்திருக்கிறார்கள். லயத்தில் பிறந்து வளர்ந்த நம்ம பாட்டிமார் எழுதவில்லை. அவர்கள் எழுதியதெல்லாம் கைநாட்டு.

இந்த இடத்தில் நம்ம மாவட்டத்தின் இன்னொரு பயணத்தையும் வைத்துப் பார்க்க வேண்டும். 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போனார்கள். தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு அடுத்த வருசம் திரும்பினார்கள். சிவகாசியின் தீப்பெட்டி, பட்டாசு, அச்சுத் தொழில் எல்லாவற்றுக்கும் அதுதான் பிள்ளையார் சுழி என்று எல்லாரும் எழுதுகிறார்கள், உண்மைதான். அதே வருசங்களில் அதே கரிசலிலிருந்து நம்ம ஆட்களும் ரயில் ஏறினார்கள். ஒரு பயணத்துக்குப் பின்னால் உறவின்முறை இருந்தது, மகமைப் பணம் இருந்தது, திரும்பி வந்து நிற்க ஒரு கடைத்தெரு இருந்தது. இன்னொரு பயணத்துக்குப் பின்னால் கடன் நோட்டு. நாடார்களும் மிதிபட்டவர்கள்தான், கோயிலுக்குள் விடாமல் விரட்டப்பட்டவர்கள்தான். 1899இல் சிவகாசி எரிந்தபோது அவர்கள் வீடுதான் எரிந்தது. அதை நான் மறக்கவில்லை. ஆனால் மிதிபட்டவர்களிலும் கையில் சரக்கு இருந்தவனுக்கும் வெறுங்கைக்காரனுக்கும் வழி வேறு வேறாகப் பிரிந்தது. பிரிந்த இரண்டு வழியும் ஐம்பது வருசம் கழித்து எங்கள் வீட்டு வாசலில் வந்து முட்டிக்கொண்டன. அதைச் சொல்கிறேன்.

1939 ஆகஸ்டில் இந்திய அரசு இலங்கைக்குக் கூலியாட்கள் போவதை நிறுத்தியது. 1948இல் சுதந்திர இலங்கை முதல் வேலையாகக் குடியுரிமைச் சட்டம் போட்டு, மலையகத்து ஜனங்களை நாடற்றவர்கள் ஆக்கியது. அடுத்த வருசம் ஓட்டும் போனது. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பேசிக்கொள்ளலாம். 1974இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்கு 75,000 என்று பாதிப் பாதி பிரித்துக்கொண்டார்கள். துண்டில் கங்காணி எழுதினது போலவேதான், பேர் இல்லை, எண்ணிக்கை. இந்தத் துண்டில் மட்டும் இரண்டு அரசாங்கங்களின் முத்திரை இருந்தது.

அப்பத்தா 1970களின் நடுவில் எங்கள் அப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு தலைமன்னாரில் 'இராமானுஜம்' கப்பல் ஏறியது. அது பிறந்தது அட்டன் பக்கம், கல்யாணம் கட்டினது அங்கே, தாத்தாவைப் புதைத்தது அங்கே. 'தாய்நாடு' என்று அதிகாரிகள் சொன்ன இடத்தை அது முதல் தடவையாக இராமேசுவரத்தில் இறங்கித்தான் பார்த்தது. புது நாட்டில் வேலை தேடுவது என்று சொன்னால் எனக்கு அப்பத்தாவின் அந்த நாட்கள்தான் ஞாபகம் வரும். அதற்கு இந்தியாதான் வெளிநாடு.

மண்டபம் முகாமில் குடும்ப அட்டை கொடுத்தார்கள். அதே மண்டபம். அப்பன் தகரம் கட்டிப் போன முகாமில் மகள் அட்டை வாங்கினாள். தாயகம் திரும்பியோருக்கு என்று திட்டங்கள் இருந்தன. நீலகிரியில் 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்களில் கொஞ்சம் பேருக்கு வேலை. நூற்பாலைகளில் கொஞ்சம் பேர். பெரும்பாலோருக்கு வியாபாரக் கடன். கொழுந்தெடுக்க மட்டுமே தெரிந்த மனுசியைப் பார்த்து, இந்தா கடன், கடை வைத்துப் பிழைத்துக்கொள் என்று அரசாங்கம் சொன்னது. திட்டம் தீட்டினவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். கரிசக்காட்டு ஊரில் பறச்சி வைத்த கடையில் எந்தச் சம்சாரி வெல்லமும் புளியும் வாங்குவான்? இந்த ஒரு கேள்வி எந்த அதிகாரிக்கும் தோன்றவில்லை. அப்பத்தா கடை வைத்தது. காலனிக்காரர்கள் மட்டும் வாங்கினார்கள், அதுவும் கடனாக. எட்டு மாசத்தில் கடை இல்லை, தவணை மட்டும் இருந்தது. காலனியிலும் எல்லாரும் அணைத்துக்கொள்ளவில்லை. 'சிலோன்காரக' என்று தள்ளித்தான் வைத்தார்கள். பங்கு கேட்பார்களோ என்று சொந்தக்காரர்களே பயந்தார்கள். கேட்பதற்கு அங்கே இருந்தது புறம்போக்கு.

மலையில் பழகியவர்கள் மலையைத் தேடிப் போனதும் நடந்தது. கொடைக்கானல் பக்கம் சவுக்குப் பட்டை உரிக்கப் போன தாயகம் திரும்பிய குடும்பங்கள் முன்பணத்துக்குள் மாட்டிக் கொத்தடிமைகளாகக் கிடந்தது 1980களில் வெளியே வந்தது. முன்பணம் என்ற சொல்லை அவர்கள் இலங்கையிலேயே கேட்டவர்கள்தான். கேட்டும் தப்ப முடியவில்லை என்பதுதான் பசி.

எங்கள் ஊருக்கு முன்பணம் வேறு ரூபத்தில் வந்தது. எங்கள் பக்கம் கம்பெனி என்று யாரும் சொல்ல மாட்டோம். தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ் என்போம். ஆபீஸுக்குப் பிள்ளை பிடிக்க ஏஜெண்டு வருவான். வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பான். எத்தனை பிள்ளைகளை அனுப்புகிறானோ அதற்குத் தக்கபடி ஆபீஸிலிருந்து அவனுக்குக் கமிசன். விடியக்காலை நாலு மணிக்கு ஆபீஸ் வண்டி ஊர்க்கோடியில் நின்று ஆரன் அடிக்கும். தூங்குகிற பிள்ளைகளைத் தூக்கி ஏற்றுவார்கள். அப்பாவுக்கு அப்போது பத்து வயசு. கட்டை அடுக்கப் போனார். தீக்குச்சியை ஒவ்வொன்றாகச் சட்டத்தில் அடுக்கிக் கொடுத்தால், அடுக்கின கட்டைக்கு இவ்வளவு என்று கூலி. ஏஜெண்டு முதல் தடவை வந்து திண்ணையில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தபோது அப்பத்தா சொன்னது எங்கள் வீட்டில் இன்னும் பேச்சாக இருக்கிறது. "ஏலே, பெரிய கங்காணி இங்கயும் வந்துட்டான்டா. குடையக் காணோம், அம்புட்டுத்தேன்."

நான் மேடையில் பேச ஆரம்பித்த பிறகு எத்தனையோ அறிக்கை படித்துவிட்டேன். 1976இல் பிள்ளைகளை ஏற்றிப்போன வண்டி வெள்ளத்தில் போன பிறகு அரசு வைத்த ஹர்பன்சிங் குழு அறிக்கையிலிருந்து, 1996 டிசம்பர் 10இல் எம்.சி. மேத்தா வழக்கில் உச்சநீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு வரைக்கும். அந்தத் தீர்ப்பு, பிள்ளையை வேலைக்கு வைத்தவன் பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. இந்தத் தீர்ப்புகளாலும், ஊர் ஊராக அலைந்த பலபேராலும் ஆபீஸில் பிள்ளைகள் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள். ஆனால் ஏஜெண்டின் வம்சாவளியை அப்பத்தா ஒரு வரியில் சொன்னது போல எந்த அறிக்கையும் சொல்லவில்லை. அறிக்கைகளுக்கு அது குழந்தைத் தொழிலாளர் பிரச்சினை. அப்பத்தாவுக்கு அது மூன்றாம் தலைமுறைத் துண்டு.

அப்பா கட்டை அடுக்கி, பிறகு பட்டாசில் மருந்து கலக்கி, அந்த வருமானத்தில்தான் நான் எம்.ஏ. வரைக்கும் படித்தேன். ஆபீஸைத் திட்டும்போது இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். அவர் கூட வேலை பார்த்தவர்கள் சில பேர் இப்போது இல்லை. 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டி வெடியில் செத்தவர்களில் காப்பாற்ற ஓடினவர்களும் உண்டு. எங்கள் பக்கத்தில் சாவுச்செய்தி சத்தமாகத்தான் வரும், முதலில் காதுக்கு, அப்புறம் போனுக்கு.

2018 அக்டோபரில் பேரியம் நைட்ரேட்டுக்குத் தடை, பசுமைப் பட்டாசு என்று உச்சநீதிமன்றத் தீர்ப்பு வந்து ஆபீஸ்கள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தபோது, சித்தப்பா மகன் வளைகுடாவுக்குப் போனான். பத்தாவது தேறவில்லை என்பதால் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்றிருந்தது. குடியேற்ற அதிகாரியின் அனுமதி வாங்காமல் அந்த நாடுகளுக்கு வேலைக்குப் போக முடியாது. ஏமாறாமல் காப்பாற்ற வந்த ஏற்பாடுதான் அது, 1983ஆம் வருசத்துச் சட்டம். பதிவு பெற்ற ஏஜெண்டு இவ்வளவுக்கு மேல் வாங்கக் கூடாது என்றும் விதி இருக்கிறது. பதிவு பெற்றவன் எங்கேயோ பட்டணத்தில் இருக்கிறான். எங்கள் ஊருக்கு வருகிறவன் அவனுக்குக் கீழே, அதற்கும் கீழே உள்ள ஆள். சில்லறைக் கங்காணி என்று வைத்துக்கொள்ளுங்கள். சித்தி கழுத்தில் கிடந்ததை அடகு வைத்து, மேற்கொண்டு வட்டிக்கு வாங்கிக் கட்டினார்கள். டிரைவர் வேலை என்று சொன்னார்கள், போய்ப் பார்த்தால் துப்புரவு வேலை. எத்தனை கடல் தாண்டினாலும் விளக்குமாறு நமக்கு முன்னாலேயே போய் நிற்கிறது என்று அவன் வாட்ஸப்பில் பேசி அனுப்பினான்.

வேறு இடத்தில் நல்ல வேலை இருந்தது. போக முடியவில்லை. கூப்பிட்ட முதலாளி ரிலீஸ் கொடுக்க வேண்டும். வளைகுடாவில் இருந்தவர்கள் எல்லாருக்கும் இந்த ரிலீஸ் தெரியும். பழைய முதலாளி விடுவித்தேன் என்று எழுதிக் கொடுக்கிற காகிதம். கத்தார் 2020இல் அதைத் தளர்த்தியிருக்கிறது. மற்ற இடங்களிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சட்டம் மாறுகிறது. ஆனால் அவன் இருந்த இடத்தில் முதலாளி கேட்டது காகிதத்துக்குப் பணம். நான் அவனுக்குத் துண்டைப் பற்றிச் சொன்னேன். நூறு வருசத்துக்கு முன்னாலேயே ஒழித்துவிட்டார்கள் என்றேன். "அப்ப இது என்னண்ணே?" என்றான்.

ஒன்றைக் கவனியுங்கள். இந்தக் காகிதங்கள் ஒன்றுகூட நாம் எழுதினவை இல்லை, ஆனால் நம்ம பக்கத்துக்குச் சாட்சியாக இருப்பதும் அவைதான். தாயகம் திரும்பிய குடும்பத்துப் பிள்ளைகள் சாதிச் சான்றிதழுக்குப் போனால் பூர்வீகத்துக்கு என்ன ஆதாரம் என்று கேட்கிறார்கள். எங்கள் அத்தை மகளுக்கு ஒரு அலுவலகத்தில் இரண்டு வருசம் இழுத்தடித்தார்கள். கடைசியில் காப்பாற்றியது அப்பத்தாவின் டிரங்குப் பெட்டியில் இருந்த பழைய பற்றுச்சீட்டு. தோட்டத்தை விட்டு விலகும்போது கொடுத்தது. அதில் ஊர், தகப்பன் பேர், சாதி எல்லாம் கணக்கப்பிள்ளை கையெழுத்தில் இருந்தது. அன்றைக்கு லயத்தைப் பிரிக்க எழுதின சாதி, இன்றைக்குப் படிப்புக்கு ஆதாரமானது. எங்கள் பக்கத்துக் காலனிகளில் இந்த மாதிரிப் பெட்டிகள் இன்னும் இருக்கின்றன. பாட்டிமார் செத்ததும் துணிமணியோடு சேர்த்துக் கொளுத்திவிடுகிறார்கள். கொளுத்துவதற்கு முன்னால் ஒரு தடவை திறந்து பார்க்கச் சொல்லித்தான் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறேன். போன மாசம் திருச்சுழிப் பக்கம் ஒரு பெட்டியில் தோட்டத்துச் செக்ரோல் பக்கம் ஒன்று கிடைத்தது. பேருக்கு நேரே கோடு கோடாக அரைப்பேர், அரைப்பேர் என்று போட்டிருந்தது. அரை நாள் கூலிக்கு அங்கே அதுதான் சொல்.

இப்படிப் போன ஒரு நாளில் இராஜபாளையத்தில் டீக்கடையில் ஒரு பையனைப் பார்த்தேன். ஸ்பின்னிங் மில்லில் இரவு ஷிப்டு முடித்து வந்திருந்தான். ஒடிசா, பலாங்கீர் பக்கம். நாலு வார்த்தை தமிழ் பேசினான், நான் நாலு வார்த்தை இந்தி பேசினேன். ஊரில் நிலம் இருக்கிறதா என்றேன், இல்லை என்றான். முன்பணம் வாங்கினாயா என்றேன், அப்பா வாங்கினார் என்றான். யார் கூட்டி வந்தார்கள் என்று கேட்டேன். "சர்தார்" என்றான். ஊர்க்காரர்தான், சொந்தம் மாதிரி என்றும் சொன்னான். கணக்கு யார் எழுதுகிறார்கள் என்று கேட்டதற்கு, டீயை வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினான். அதில் அவன் பேர் இல்லை. பதினொன்று என்று எழுதி, அதற்குக் கீழே தொகை போட்டிருந்தது.